தொட்டு அனுப்ப ஒரு கை

“மூச்சை இழுங்க… பிடிங்க… ஆடாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றதும் எக்ஸ்ரே அக்கா ஆட ஆரம்பித்துவிடுவார். இடது குதிகால் தரையைத் தட்டும். வலது கை பொத்தானில் இருக்கும். வேலையில்லாத இடது கை மேசை விளிம்பில் தாளம் போடும். என் கணுக்காலைப் படம் எடுக்கப் போயிருந்தபோது படுத்தவாக்கில் தலையைத் திருப்பி இதைப் பார்த்துவிட்டேன். சிரிப்பு வந்து கால் அசைந்தது, படம் கலங்கிப்போனது. “ஒரு நிமிஷம் சும்மா கிடக்க முடியாதா எழுத்தாளரே உங்களால?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க உலகத்தில் தகுதியே இல்லாத ஆள் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான்.

அடுத்தவரை ஆடாமல் வைப்பதுதான் அவருக்குச் சம்பளம் தரும் வேலை. வீறிடும் குழந்தை, நடுங்கும் கிழவர், தோள்பட்டை இறங்கிப்போன மல்யுத்தக்காரர், யாராக இருந்தாலும் அவர் குரலுக்குக் கட்டுப்பட்டுச் சிலையாகிவிடுவார்கள். வேலை முடிந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றுவதுகூட நடந்துகொண்டேதான். ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அவர் மாடிப்படி இறங்குவதை அந்த மருத்துவமனையில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். லிஃப்டில் அவர் ஏறி யாரும் பார்த்ததில்லை.

பஸ் நிறுத்தத்தில் நிற்கமாட்டார். பஸ் வரவில்லையென்றால் அடுத்த நிறுத்தத்துக்கு நடப்பார். அங்கேயும் வரவில்லையென்றால் அதற்கடுத்தது. இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் அவர் வேகுவேகென்று போய்க்கொண்டிருக்கும்போது பஸ் அவரைத் தாண்டிப் போகும். ஓட்டுநர்களுக்கெல்லாம் இது பழகிவிட்டது. ஒலிப்பானை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். “அது எனக்காக நிக்கறதில்ல, நான் அதுக்காக நிக்கறதில்ல. கணக்கு சரியாப் போச்சு” என்பார் அக்கா.

வீட்டிலும் இதே கதைதான். பல் துலக்கியபடி மூன்று அறைகளையும் ஒரு சுற்று வருவார். தேநீரை ஆறவிடும் பொறுமை இல்லாததால் நாக்கு எப்போதும் சுட்டபடியே இருக்கும். அவருடைய வீட்டுக்காரர் நூலகத்தில் வேலை பார்ப்பவர்; உட்கார்ந்த இடத்தில் அப்படியே உறைந்துவிடக்கூடிய பிறவி. “அவ உக்காந்து சாப்பிட்டு நான் பாத்தது எங்க கல்யாணத்தன்னிக்குத்தான். அன்னிக்கும் பாதியில எந்திரிச்சுப் போயிட்டா” என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். அக்கா சமையலறையிலிருந்து, “ஃபேன் சத்தம் போட்டுச்சு, அதை நிறுத்தப் போனேன். இன்னும் எத்தனை வருஷத்துக்கு இதையே சொல்லிக் காட்டுவீங்க?” என்று குரல் கொடுத்தார். நின்றுகொண்டுதான், சொல்ல வேண்டியதில்லை.

இப்படி இருப்புக் கொள்ளாத மனுஷிக்கென்றே யாரோ கண்டுபிடித்தது போன்ற விளையாட்டு ஒன்று உண்டு. பெயர் ஓரியன்டீரிங். எங்கள் கிளப்பில் மேப் ஓட்டம் என்போம். கையில் ஒரு வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிடுவார்கள். உள்ளே ஆங்காங்கே பாறையோரத்திலும் பள்ளத்திலும் ஓடைக்கரையிலும் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் துணிக்கொடிகள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வரிசை மாறாமல் ஒவ்வொரு கொடியாகத் தேடிப்போய், விரலில் மாட்டியிருக்கும் சிப்பை அங்குள்ள பெட்டியில் செருகிப் ‘பீப்’ சத்தம் கேட்ட பிறகு அடுத்ததற்கு ஓட வேண்டும். பாதை கிடையாது. வழி கேட்க ஆள் கிடையாது. அக்காவுக்கு வேறென்ன வேண்டும்?

வருடம் ஒருமுறை கிளப்புகளுக்கிடையே நெடுந்தூரத் தொடர் ஓட்டம் நடக்கும். அணிக்கு நான்கு பேர். முதல் ஆள் காட்டைச் சுற்றி வந்து இரண்டாம் ஆளின் கையைத் தொட்டால்தான் அவர் கிளம்பலாம். இப்படியே நான்காம் ஆள்வரை. எங்கள் அணியில் முதலில் நான். ஓடுகிறேனோ இல்லையோ, சகதியில் விழுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. இரண்டாவது பேக்கரிக்காரர், தன் சரக்கின் தரத்தைத் தன் வயிற்றிலேயே விளம்பரம் செய்பவர். மூன்றாவது அக்காவின் மருமகள். கடைசி ஓட்டம் அக்காவுடையது.

கையைத் தொடும் இடம் ஒரு திறந்த புல்வெளி. அங்கே கயிறு கட்டித் தடுத்த ஓரிடத்தில் அடுத்து ஓட வேண்டியவர்கள் காத்திருப்பார்கள். அக்கா அதைக் கொட்டடி என்பார். அவருக்கு இந்த விளையாட்டில் பிடிக்காத ஒரே இடம் அதுதான், நிற்க வேண்டியிருக்கிறதே. இன்னொரு விதியும் உண்டு. குறித்த நேரத்துக்குள் மூன்றாம் ஆள் வந்து சேராத அணிகளின் கடைசி ஓட்டக்காரர்களையெல்லாம் ஒன்றாக வரிசையில் நிறுத்தி, ஒரே விசிலில் அனுப்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்காகக் காடு பொழுது சாயும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கு அக்கா வைத்த பெயர், மந்தையோடு அவிழ்த்துவிடுவது.

எனக்குத் தெரிந்து அக்கா ஒவ்வொரு வருடமும் மந்தையோடுதான் போயிருக்கிறார். நானும் பேக்கரிக்காரரும் அணியில் இருக்கும்வரை வேறு எப்படிப் போக முடியும்? ஓடி முடித்து வரும்போது அந்த மந்தையில் பாதிப் பேரை முந்தியிருப்பார். அதனால் அவருக்கு ஆறுதல் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. “ஒரு தடவை. ஒரே ஒரு தடவை, நம்ம ஆள் ஒருத்தர் மூச்சு வாங்க ஓடி வந்து, என் கையைத் தொட்டுப் ‘போ’ன்னு சொல்லணும். அதுக்குப் பேருதானே தொடர் ஓட்டம்? விசிலடிச்சுத் துரத்திவிடறதுக்கு நான் என்ன ஆட்டுக்குட்டியா?” என்று பேக்கரியில் வைத்து ஒருமுறை பொரிந்தார். பேக்கரிக்காரர் ஒரு பன்னை எடுத்து நீட்டினார். அக்கா அதை நடந்துகொண்டே தின்றார்.

இந்த வருடம் அந்த ஆசைக்கு ஒரு கெடு வந்துவிட்டது. கிளப் செயலாளரான பல் டாக்டர், அடுத்த வருடத்திலிருந்து கடைசி ஓட்டம் இளவட்டம் ஒருவருக்கு, அக்கா முதல் ஓட்டம் என்று சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் முதல் ஓட்டக்காரர்களை எல்லா அணியிலும் ஒன்றாக நிறுத்தி விசிலடித்துத்தான் அனுப்புவார்கள். தொட்டு அனுப்ப அவர்களுக்கு முன்னால் ஆள் ஏது? ஆக, இந்த வருடம் கையில் கை படவில்லையென்றால் இனி என்றைக்குமே இல்லை. அக்கா அன்று மருத்துவமனையில் யாரிடமும் சண்டை போடவில்லை என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கவலையாக இருந்தது.

அந்தக் கை மருமகளுடைய கையாக இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். மருமகள் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறாள். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எள்ளைவிடச் சிறிய திருகாணிகளைக் கழற்றி வரிசையாக அடுக்கி வைப்பவள். அக்காவின் மகனுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி கடலிலேயே போய்விடும். எனவே வீட்டில் மாமனார், மாமியார், மருமகள் மூன்று பேர்தான். ஏன் இந்த விளையாட்டில் சேர்ந்தாய் என்று அவளைக் கேட்டேன். “ஞாயித்துக்கிழமை மாமாவோட உக்காந்து டிவி பாக்கறதா, அத்தையோட காட்டுல ஓடறதான்னு யோசிச்சேண்ணா. காட்டுல அத்தை கொஞ்ச நேரத்துல கண்ணுக்கு மறைஞ்சுடுவாங்க” என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை. அக்கா பக்கத்தில்தான் நின்று ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தார்.

மருமகள் ஓடும் விதம் வேறு. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, வரைபடத்தைப் புதிதாக மடித்து, கட்டைவிரலை இருக்குமிடத்தில் வைத்து, அப்புறம்தான் கிளம்புவாள். அக்கா வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பாய்ந்துவிடுவார். தவறாகப் போனால் அதே வேகத்தில் திரும்பி வருவார். “நீ அந்தக் காகிதத்தை மடிக்கற நேரத்துல நான் காட்டையே மடிச்சுடுவேன்” என்று மருமகளிடம் சொல்வார். “மடிச்சுட்டு எங்க வெச்சோம்னு தேடுவீங்க அத்தை” என்பாள் அவள். இப்படிக் கேலியும் எதிர்க்கேலியுமாகத்தான் இருந்தது, போன வருடம் வரைக்கும்.

போன வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். தொடர் ஓட்டத்தில் ஒரு தந்திரம் உண்டு. ஒருவர் பின்னாலேயே மற்றவர் போய்விடக்கூடாது என்பதற்காக, சில இடங்களில் ஒரு கொடிக்குப் பதிலாக அருகருகே இரண்டு மூன்று கொடிகளை வைத்திருப்பார்கள். ஓர் அணிக்கு இந்தக் கொடி, இன்னோர் அணிக்கு அந்தக் கொடி. எண்ணைச் சரிபார்க்காமல் முன்னால் ஓடுபவரை நம்பிப் போனால் தொலைந்தோம். தவறான கொடியில் சிப்பைச் செருகிவிட்டு அப்படியே ஓடி வந்தால் ஒருவருக்கு மட்டுமல்ல, முழு அணிக்கும் தகுதி போய்விடும். போன வருடம் நல்ல மழை. அக்கா மெதுவு மெதுவு என்று கேலி செய்தது மனதில் இருந்ததோ என்னவோ, மருமகள் அன்று வேகமாக ஓடிய ஒரு கூட்டத்தோடு சேர்ந்து ஓடினாள். எண்ணைப் பார்க்காமல் செருகினாள். அப்படியும் நேரத்துக்கு வரவில்லை, அக்கா மந்தையோடுதான் போனார். கொட்டும் மழையில் முழுக்காட்டையும் ஓடி, தொப்பலாக நனைந்து திரும்பிய பிறகுதான் தெரிந்தது, அவர் கிளம்புவதற்கு முன்பே எங்கள் அணி கணக்கில் இல்லை என்று.

அக்காவுக்குக் கோபம் வந்தால் வார்த்தையும் ஓட்டம்தான், நின்று யோசிக்காது. “உன் கைக்காக அங்க காத்துக்கிட்டு நிக்கறதுக்கு, நான் மந்தையோடவே போயிடலாம்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். மருமகள் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவின் ஈரச் சட்டையை வாங்கிப் பிழிந்து பையில் போட்டாள். பேக்கரிக்காரர் வழியெல்லாம் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார். அந்தச் சொல்லை அக்கா திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை, அவள் அதைப்பற்றிப் பேசவும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், வருடம் முழுக்க அது கிடந்தது. “என்னத்தைச் சொல்ல? வாயை விட்டுட்டேன்” என்று என்னிடம் மட்டும் சொன்னார். அவளிடம் சொல்லுங்களேன் என்றேன். “அதுக்கு அவளும் நானும் ஒரே இடத்துல கொஞ்ச நேரம் நிக்கணுமே” என்றார்.

இந்த வருட ஓட்டத்தில் எனக்கு என்ன புண்ணியமோ, ஒரு முறைதான் வழி தவறினேன். பேக்கரிக்காரர் அன்றைக்கு எதைத் தின்றுவிட்டு வந்தாரோ, காட்டுப்பன்றி துரத்துவது போல வந்து சேர்ந்தார். மருமகளின் கையைத் தொட்டதும் புல்லில் அப்படியே சாய்ந்தவர் வெகுநேரம் எழவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. முதன்முறையாக எங்கள் அணியிடம் நேரம் மிச்சம் இருந்தது. மருமகள் வழக்கம்போல நின்று நிதானமாக வந்தாலும் விசிலுக்கு முன்னால் வந்துவிடலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அக்காவுக்கும் தெரிந்தது, அதனால் அவர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி கொட்டடிக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நாடாவை அவிழ்த்துக் கட்டினார். மறுபடி அவிழ்த்தார். பக்கத்துக் கிளப் பெண்மணியின் காலை இரண்டு முறை மிதித்து, இரண்டு முறை மன்னிப்புக் கேட்டு, மூன்றாம் முறை மிதித்தபோது கேட்க மறந்தார். கயிற்றுக்கு வெளியே நின்ற எங்களிடம், “எங்க வரா? இந்நேரம் எங்க இருப்பா?” என்று ஓயாமல் கேட்டார். “தெரியலக்கா, மரத்துக்குப் பின்னாடி எனக்கு எப்படித் தெரியும்? எக்ஸ்ரே உங்க டிபார்ட்மென்ட்தானே” என்றேன். முறைத்தார்.

கொட்டடியிலிருந்து பார்த்தால் காட்டின் விளிம்பில் கடைசிக் கொடி தெரியும். எல்லா அணிக்கும் பொதுவான கொடி அது. அங்கே செருகிவிட்டுப் புல்வெளிச் சரிவில் இறங்கினால் நேரே கொட்டடிதான். விசிலுக்கு இன்னும் நேரம் இருந்தபோதே நாலைந்து பேர் கூட்டமாக மரங்களுக்குள்ளிருந்து வெளிப்பட்டார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் கிளப்பின் மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். பேக்கரிக்காரர் படுத்த இடத்திலிருந்து துள்ளி எழுந்தார். அக்கா ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், “வாம்மா! வந்துடு! வா!” என்று, எனக்குக் காது அடைத்துப் போனது. கையை நீட்டிக்கொண்டு கயிற்றோடு ஒட்டி நின்று குதித்தார்.

மருமகள் கடைசிக் கொடியில் செருகினாள். மற்றவர்கள் சரிவில் இறங்கிவிட்டார்கள். இவள் இறங்கவில்லை. வரைபடத்தைப் பிரித்தாள், கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். பிறகு தலையை நிமிர்த்திக் கொட்டடியைப் பார்த்தாள். அத்தனை தூரத்திலிருந்து முகம் தெரியவில்லை, ஆனால் பார்ப்பது அக்காவைத்தான் என்று எனக்குத் தெரிந்தது. “வாயேன், என்ன பாத்துக்கிட்டு நிக்கறே!” என்று பேக்கரிக்காரர் அலறினார். அவள் வரைபடத்தைத் தூக்கி, இல்லை என்பது போல அசைத்துக் காட்டினாள். திரும்பினாள். வந்த வழியே மரங்களுக்குள் ஓடிப் போய்விட்டாள்.

எங்களுக்கு விளங்கிவிட்டது. இதற்கு முந்தைய கொடி அவளுடையதல்ல. பக்கத்திலிருக்கும் இன்னோர் அணியின் கொடியில் செருகியிருக்கிறாள். போய்ச் சரியான கொடியைத் தேடிச் செருகி, கடைசிக் கொடியிலும் மறுபடி செருகிவிட்டு வந்தால் அணி பிழைக்கும். ஆனால் விசிலுக்குள் வர முடியாது. அப்படியே இறங்கி வந்திருந்தால் அக்காவின் கையில் கை பட்டிருக்கும். தகுதி போனது சாயங்காலம்தான் தெரிந்திருக்கும்.

“போச்சு. எல்லாம் போச்சு” என்று பேக்கரிக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

“வாயை மூடுங்க. அவ சரியாத்தான் போறா” என்றார் அக்கா. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் துடைத்துக்கொண்டார். ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். நல்லவேளை, ஒன்றும் தோன்றவில்லை.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. மீதமிருந்த கடைசி ஓட்டக்காரர்களைக் கொட்டடியிலிருந்து வெளியே அழைத்துப் புல்வெளியில் கோடு போட்ட இடத்தில் நிறுத்தினார்கள். ஆளுக்கொரு வரைபடம் சுருட்டிக் கொடுத்தார்கள். அக்கா ஓரத்தில் நின்றார், ஓடி முடித்து வருபவர்களின் பாதைக்குக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பக்கத்தில். விசில் ஒலித்தது. திமுதிமுவென்று மொத்த மந்தையும் காட்டை நோக்கிப் பாய்ந்தது.

அக்கா பாயவில்லை.

விசில் ஊதிய அதிகாரி அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். அருகில் போய், “அம்மா, ஓடலாம். உங்க நேரம் ஓட ஆரம்பிச்சாச்சு” என்று உரக்கச் சொன்னார்.

“ஓடட்டும்” என்றார் அக்கா.

“யாருக்காவது காத்திருக்கீங்களா? இனி தொட வேண்டிய அவசியமில்லம்மா. தொட்டாலும் அது கணக்குல வராது.”

“உங்க கணக்குல வர வேண்டாம் சார். எங்க வீட்டுக் கணக்கு ஒண்ணு இருக்கு.”

அதிகாரி எங்களைப் பார்த்தார். பேக்கரிக்காரர் ஆகாயத்தைப் பார்த்தார். காட்டுக்குள் போனவர்களின் சத்தம் தேய்ந்து அடங்கிவிட்டது. புல்வெளியில் காலி கோட்டின் ஓரத்தில் அக்கா ஒருவர்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கயிற்றோரமாக நான்தான் நடந்தேன், நின்றேன், மறுபடி நடந்தேன். ‘அக்கா, போங்கள், முந்த வேண்டியவர்களெல்லாம் போய்விட்டார்கள்’ என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவர் காட்டு விளிம்பையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மஞ்சள் சட்டை வெளிப்பட்டது. மருமகள் கொடியில் செருகினாள், பெட்டியின் எண்ணைக் குனிந்து பார்த்தாள், வரைபடத்தைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள். அதற்குப் பிறகே சரிவில் இறங்கினாள். முழங்காலில் ரத்தம், தலையெல்லாம் சருகு. பாதி தூரம் வந்ததும்தான் கோட்டோரத்தில் யார் நிற்கிறார்கள் என்று கண்டுகொண்டாள். ஓட்டம் தடுமாறிப் பிறகு வேகம் எடுத்தது.

“அத்தை, நீங்க இன்னும் போகலையா?” என்று மூச்சிரைக்க வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

அக்கா கயிற்றுக்கு மேலாக உள்ளங்கை மேலே தெரியும்படி கையை நீட்டினார். மருமகள் தன் கையைப் பார்த்தாள், ஒரே சேறு. அவள் சுபாவம் எங்கே போகும்? முதலில் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தாள், அப்புறம் விரல் விரலாகத் துடைக்க ஆரம்பித்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அக்காவின் காலைப் பார்த்தேன். குதிகால் தரையில் அழுந்திப் பதிந்திருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நீட்டிய கை நீட்டியபடி, அவர் ஆடாமல் நின்றார்.